மொசைக் நடைக்கல்: நேராக ஒட்டலாமா, கவிழ்த்து வார்க்கலாமா?

தோட்டத்துக்கு மொசைக் நடைக்கல் செய்ய இரண்டு வழி. ஒன்று, ஏற்கெனவே இறுகிய கான்கிரீட் பலகை மேல் டைல்ஸ் துண்டுகளை ஒட்டி, இடைவெளியில் கிரவுட் (இடுக்கை நிரப்பும் சாந்து) பூசுவது. இன்னொன்று, அச்சுக்குள் ஒட்டும் பக்கம் மேலே இருக்கும்படி ஸ்டிக்கர் பேப்பரை விரித்து, துண்டுகளை முகம் கீழே வைத்து, அதன் மேல் கான்கிரீட் ஊற்றுவது.

முதல் வழியில் வேலை ஆக ஆக வடிவம் கண்ணெதிரே தெரியும், பிடிக்காத துண்டைப் பசை காய்வதற்குள் மாற்றிவிடலாம். ஆனால் வெளியில் கிடக்கும் கல்லுக்குச் சாதாரண வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம், ஈரத்தில் விட்டுவிடும். சிமெண்ட் கலந்த டைல்ஸ் பசைதான் சரி. அப்புறம் துண்டுகளின் கனம் வித்தியாசப்பட்டால் மேடு பள்ளமாகி, வெறுங்காலில் விளிம்பு குத்தும்.

கவிழ்த்து வார்த்தால் அந்தத் தொல்லை இல்லை, எல்லா முகமும் ஒரே மட்டத்தில் வரும். வடிவம் இடவலம் மாறும் என்பதால் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல அடுக்க வேண்டும். கலவை தண்ணீராக இருந்தால் துண்டுகளுக்கு அடியில் புகுந்து முகத்தை மூடிவிடும், அதனால் கெட்டியாகக் கலந்து, சுமார் 5 செ.மீ. கனத்துக்கு நிரப்பி, அச்சைப் பக்கவாட்டில் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். இரண்டு மூன்று நாள் ஈரத்துணி போட்டு மூடி வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும்.

மிதித்து நடக்கும் கல் என்றால் நான் கவிழ்த்து வார்ப்பதைத்தான் சொல்வேன். செடியோரம் அழகுக்கு வைப்பதென்றால் நேராக ஒட்டுவதே போதும். எந்த வழியானாலும் வழவழப்பான கண்ணாடித் துண்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், மழையில் வழுக்கும்.