படகின் உரசல் பட்டையை மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் 16 அடி ஃபைபர் படகின் விளிம்பைச் சுற்றியிருந்த பழைய உரசல் பட்டை வெயிலில் வெடித்து, அங்கங்கே பிய்ந்து தொங்கியது. மாற்றித் தருமாறு ஒரு பட்டறையில் விட்டேன். நான்கே நாளில் படகு திரும்பி வந்தது. அணியம் (முன்முனை) முதல் அமரம் (பின்முனை) வரை ஒரே சீராகப் புதுக் கருப்புப் பட்டை. பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. முழுத் தொகையையும் அங்கேயே கொடுத்தேன்.

மூன்று மாதங்கள் கழித்துப் படகின் அடியில் தண்ணீர் நிற்கத் தொடங்கியது. அலை அதிகமான நாள்களில் மட்டும் நின்றது. அடியில் விரிசல் இல்லை, வடிகால் அடைப்பானிலும் கசிவு இல்லை. ஒருநாள் படகைக் கரையில் ஏற்றி, என் தம்பி கைவிளக்குடன் உள்ளே படுத்துக்கொள்ள, நான் வெளியிலிருந்து குழாய்த் தண்ணீரைப் பட்டையின் மேல் மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். வலப்பக்க அணியத்தை நெருங்கியதும் உள்ளிருந்து, “அண்ணா, நிறுத்துங்கள், இங்கேதான்” என்று குரல் வந்தது. திருகாணி நுனிகள் ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்ததாம்.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இத்தகைய ஃபைபர் படகுகள் பலவற்றில் உடலும் மேல்தளமும் தனித்தனியாக வார்க்கப்பட்டு, டப்பாவின் மேல் மூடியைக் கவிழ்ப்பதுபோல் பொருத்தப்படுகின்றன. அந்த மூட்டின் மேல்தான் உரசல் பட்டை உட்காருகிறது. துறையில் மோதும்போது அடியைத் தாங்குவது அதன் கண்ணுக்குத் தெரியும் வேலை. மூட்டை மூடிக் காப்பது தெரியாத வேலை. பட்டையும் இரண்டு பாகமாக இருக்கும். கெட்டியான பிவிசி வாய்க்கால் ஒன்றைப் படகில் திருகாணியால் முடுக்கி, அதற்குள் மென்மையான வினைல் நாடாவை அழுத்திச் செருகுவார்கள். நாடா உள்ளே போனபின் ஒரு திருகாணியும் வெளியே தெரியாது. என்னை ஏமாற்றியவர்களுக்கு அந்த மறைவே போதுமானதாக இருந்தது.

நாடாவைப் பிடுங்கினோம். கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டியது, நெகிழ்ந்து கையோடு வந்தது. முனைகளில் ஏற்கெனவே இரண்டு விரல் இடைவெளி விட்டுச் சுருங்கியும் இருந்தது. நாடாவை வெந்நீரில் போட்டோ வெயிலில் விரித்தோ இளக்கி, இழுக்காமல் தள்ளித் தள்ளிச் செருகி, முனைகளைச் சற்று நீளமாக விட்டுச் சில நாள் கழித்து வெட்ட வேண்டும். இவர்கள் நாடாவை மிச்சப்படுத்துவதற்காக இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள். இழுத்த வினைல் மெல்ல மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்பத்தானே செய்யும்?

உள்ளே இருந்ததைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. ரசீதில் ‘316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி’ என்று எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்தவை முலாம் பூசிய சாதாரண இரும்பு. தலைகள் துருவேறிப் பழுப்பு நீர் வழிந்திருந்தது. 316 ரகம் காந்தத்தில் அப்படி ஒட்டாது; இவையோ காந்தத்தைக் காட்டியதும் பட்டென்று ஒட்டிக்கொண்டன. பழைய துளைகளை எப்பாக்சியால் (கெட்டியாக இறுகும் பிசினால்) அடைத்துப் புதிதாகத் துளையிட்டதாகவும் ரசீதில் இருந்தது. உண்மையில் அதே தளர்ந்த துளைகளில் மரச் சிம்புகளைச் செருகி அவற்றின் மேல் முடுக்கியிருந்தார்கள். பாதித் திருகாணிகள் விரலால் திருகினாலே சுழன்றன.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய இழப்பு சிலிக்கான். கடல் வேலைக்கான பாலியூரித்தேன் பசை என்று பணம் வாங்கிக்கொண்டு, குளியலறை ஓரங்களில் பூசும் சிலிக்கானை அங்கொரு பொட்டு இங்கொரு பொட்டாக வைத்திருந்தார்கள். திருகாணித் துளைகளுக்குள் பசையே போகவில்லை. சிலிக்கான் பட்ட இடத்தில் வேறு பசை, எப்பாக்சி, பெயின்ட் எதுவும் சரியாகப் பிடிப்பதில்லை. அசிட்டோனால் துடைத்தாலும் அதன் படலம் முழுமையாகப் போவதில்லை. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பசையே வைக்காமல் விட்டிருந்தால்கூட என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

திருகாணிகளை ஒரு புட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். “பட்டை அழகுக்குத்தானே ஐயா, பழைய படகில் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும்” என்றார் அதன் உரிமையாளர். அந்தப் படகில் என் பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்றேன். பதில் இல்லை. பணமும் திரும்பவில்லை.

நீங்கள் இந்த வேலையைக் கொடுப்பதாக இருந்தால், வினைல் நாடாவைச் செருகும் முன் உங்களை அழைக்க வேண்டும் என்று முன்பே எழுதி வாங்குங்கள். வாய்க்கால் திறந்திருக்கும்போதே ஒவ்வொரு திருகாணியையும் பாருங்கள். ஏறத்தாழ 6 அங்குலத்துக்கு ஒன்று இருக்க வேண்டும், முடுக்கும்போது தலையைச் சுற்றிப் பசை பிதுங்கியிருக்க வேண்டும். பசைக் குழாயின் பெயர்ச்சீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கடைசித் தவணையைக் குழாய்த் தண்ணீர்ச் சோதனை முடிந்தபின் கொடுங்கள். “நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

வலப்பக்கத்தை நானும் தம்பியும் சுத்தம் செய்து, துளைகளை எப்பாக்சியால் அடைத்து, புதிதாகத் துளையிட்டு முடித்துவிட்டோம். அங்கே இப்போது ஒரு சொட்டும் கசியவில்லை. இடப்பக்கத்தில் இன்னும் சிலிக்கானைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.