மடியும் ஒற்றைக்குழல் துவக்கு: 12 போரா, 20 போரா, 410-ஆ?

வெலிமடை, கந்தப்பளைப் பக்கம் மரக்கறித் தோட்டக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்களுக்கு எடை சின்ன விஷயமல்ல. தட்டுத் தட்டாக வெட்டிய சரிவு, ஈரக் களிமண், ஒரு கையில் டோர்ச். அதனால்தான் இரண்டாக மடியும் ஒற்றைக்குழலில் பலருக்கும் கண் போகிறது. மடிப்பு நல்ல வசதிதான். ஆனால் தராசை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

12 போர், 20 போர், 410 என்பவை குழல் துளையின் அளவுகள்: 12 பெரியது, 20 நடுத்தரம், 410 சின்னது. கையில் எடுத்ததும் மயக்குவது 410. துருக்கித் தயாரிப்பான யில்டிஸ் டி.கே. 36 அலுமினிய உடல் கொண்டது. எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோதான். தோளில் கிடப்பதே தெரியாது. தோட்டாவைப் பாருங்கள்: குட்டையான 410-இல் சன்னம் (உள்ளே நிரப்பிய சிறு குண்டுகள்) சுமார் 14 கிராம், நீளமான 76 மில்லிமீட்டர் தோட்டாவிலும் 20 கிராம் அளவுதான். 12 போரில் சாதாரணமாக 28 முதல் 36 கிராம் வரை வரும். சன்னம் குறைந்தால் விரிவில் இடைவெளி விழும். காட்டுப்பன்றி சாகாது, காயத்தோடு ஓடும். அது தேயிலைப் பற்றைக்குள் படுத்துக்கொண்டால், காலையில் கொழுந்து பறிக்க வரும் பெண்களுக்குத்தான் ஆபத்து. ஆகவே பன்றிக் காவலுக்கு 410 வேண்டாம் என்றே சொல்வோம். சிறுத்தையும் மரையும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றை மனத்தில் வைத்து எந்தத் துவக்கையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

12 போரை மெலிதாக்கினால் வேறு தொல்லை. ஒரே தோட்டாவுக்கு, 3.2 கிலோ துவக்கை விட 2.4 கிலோ துவக்கின் உதை, அதாவது சுடும்போது தோளில் விழும் அடி, மூன்றிலொரு பங்கு அதிகம். உதைக்குப் பயந்தவர் விசையை இழுக்கும்போதே முகத்தைத் திருப்பிவிடுவார்; குறி தப்பும். 2.7 கிலோவுக்குக் கீழே போகாமல், 28 கிராம் தோட்டாவோடு நிறுத்திக்கொண்டால் தாங்கலாம்.

20 போர் இரண்டுக்கும் நடுவே அழகாக உட்காரும்: 24 முதல் 28 கிராம் சன்னம், ஒல்லியான உடல். தோட்டா தடையின்றிக் கிடைக்குமென்றால் முதலில் கை வைக்க வேண்டியது இதில்தான். நம் பக்கம் புழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் 12 போர் என்பதால், துவக்குக்கு முன் தோட்டாவை விசாரியுங்கள். வீட்டில் இரண்டு போரும் இருந்தால் தோட்டாக்களை ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய், அறைக்கு (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) முன்னால் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதனால்தான்.

பழைய துவக்கு வாங்குகிறவர்கள் அறையின் நீளத்தை அளந்தே ஆக வேண்டும். தோட்டாவில் அச்சிட்ட 70 மில்லிமீட்டர் என்பது சுட்டு வாய் விரிந்த பின் உள்ள நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. 65 மில்லிமீட்டர் அறைக்குள் சிரமமில்லாமல் இறங்கிவிடும். சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். உள்ளே போகிறது என்பதால் பொருந்துகிறது என்று ஆகாது.

மடியும் வகைக்கு எதிரே நிற்பது ரஷ்யாவின் பைக்கால் ஐ.இசட்.எச். 18 போன்ற கழற்றும் வகை. அது குழல், முன்கட்டை, உடலோடு சேர்ந்த பின்கட்டை என மூன்றாகும், கட்டுறுதியானது. இருட்டில் முன்கட்டை கைதவறிக் கானுக்குள் விழுந்தால் அன்றைய காவல் முடிந்தது. மடியும் வகையில் தொலைய எதுவுமில்லை. அதற்குப் பதில், மடித்த நிலையில் குழலின் பின்வாயும் உடலின் முகமும் திறந்தே கிடக்கும். தேயிலைச் சருகு, மண் ஒட்டியிருக்கும்போது பலவந்தமாக மூடினால், தோட்டாவை வெளியே தூக்கும் எக்ஸ்ட்ரக்டர் வளையும். விரலால் இரண்டு முகத்தையும் துடைத்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே மூட வேண்டும்.

அலுமினிய உடல் துருப்பிடிக்காது, நுவரெலியா மூடுபனிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் குழல் உருக்குதான். அதற்கு எப்படியும் எண்ணெய் வேண்டும். அடிக்கடி மடிக்கும் துவக்கில் பிணைச்சல் ஆணியின் துளை அலுமினியத்தில் சீக்கிரம் அகலும். கடையிலேயே சோதிக்கலாம்: வெற்றுத் துவக்கை மூடி, குழலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து குழலும் உடலும் சேரும் கோட்டைப் பாருங்கள். ஆட்டமோ ஒளிக்கீற்றோ தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான குதிரை வெளியே உள்ளதா, உள்ளே மறைந்ததா? மழையில் நனைந்து விறைத்த பெருவிரலால் குதிரையை மெல்ல இறக்குவது ஆபத்தான வேலை, வழுக்கினால் வெடிக்கும். குதிரை ஏற்றியிருக்கும்போதும் துவக்கைத் திறந்து தோட்டாவை எடுக்க முடிகிறதா என்று வாங்கும் முன் தோட்டா இல்லாமல் பாருங்கள். முடியும் வகையே நல்லது. குதிரை மறைந்த வகையில் சேஃப்டி பெரும்பாலும் விசையை மட்டும் பூட்டும், விழுந்தால் காக்கும் என்று நம்ப முடியாது. எந்த வகையானாலும் நடக்கும்போது தோட்டா பையில்தான் இருக்க வேண்டும். போட்டு மூட இரண்டு மூன்று நொடி போதும்.

ஈரத்தில் ஊறிய தோட்டா சுட்ட பின் அறையில் இறுகிவிடுவது உண்டு. மடியும் துவக்குகள் பலவற்றில் எக்ஸ்ட்ரக்டர் கோதை, அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை, சில மில்லிமீட்டர்தான் தூக்கும். துவக்கைத் திறந்து வைத்து, குழலைவிடச் சற்று நீளமான மரக்கோலால் முன்வாயிலிருந்து தள்ளினால் கோது வந்துவிடும். கத்தி முனையால் நெம்பினால் அறையின் விளிம்பு கீறி, அடுத்தடுத்த தோட்டாவும் அங்கேயே மாட்டும்.