முயோலா, முன்முவா: எந்தச் சில்லா மன்னரை முதலில் படிப்பது?

பழைய கொரிய அரசுகளில் ஒன்று சில்லா. கொரிய வரலாற்றுக்குள் நுழையும் பலருக்கும் வரும் குழப்பம் இது: அப்பா முயோலா, மகன் முன்முவா?

ஆட்சிக்காலம்: முயோல் 654–661, முன்மு 661–681.

வெற்றி: அப்பா காலத்தில் 660-ல் பக்கத்து அரசான பெக்ஜே வீழ்ந்தது. மகன் காலத்தில் 668-ல் இன்னொரு அண்டை அரசான கோகுர்யோ வீழ்ந்தது, அப்புறம் கூட்டாளியாக வந்த சீனத்து டாங் படையே நாட்டை விழுங்கப் பார்க்க, 676 வரை அதோடும் மல்லுக்கட்டி விரட்ட வேண்டியிருந்தது.

கதைச்சுவை: இதில் முயோல்தான் ஒரு படி மேல். 642-ல் பெக்ஜே தாக்குதலில் மகளைப் பறிகொடுத்தவர், உதவி கேட்டுப் போன கோகுர்யோவில் சிறைப்பட்டு, தப்பி வந்து, 648-ல் டாங் அவைக்கே போய்க் கூட்டணி பேசினார். அந்தக் கூட்டணிதான் பின்னால் மகன் தலையில் விடிந்தது!

நேரில் பார்க்க: இருவர் கல்லறைகளும் தென்கொரியாவின் கியோங்ஜுவில்தான். முயோலுக்குப் புல்மேடும், கழுத்தை நீட்டிய கல் ஆமையும். ஆமை சுமந்த கல்வெட்டுப் பலகை போய்விட்டது. முன்முவுக்குக் கடல் நடுவே பாறை. இறந்தபின் டிராகனாகி நாட்டைக் காப்பேன் என்றாராம். முன்முவின் மகன் சின்முன் 682-ல் முடித்த கமுன்சா கோயிலில் டிராகன் வந்துபோகத் தரைக்கடியில் இடமே விட்டிருக்கிறார்கள்.

அரசியல் சூழ்ச்சி பிடிக்கும் என்றால் முயோல். போர், ஐதீகம், ஊர்சுற்றல் எல்லாம் வேண்டுமென்றால் முன்மு. என் ஓட்டு முன்முவுக்கே.