ஏற்காட்டு வரவேற்புக்கு வாடகை மேபேக் கார்: எங்கள் அனுபவமும் மதிப்பீடும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மணமக்களை அழைத்துச் செல்ல உயர்ரகக் கார் தேடுவோர், எல்லாவற்றுக்கும் முன்பு அந்த வண்டியின் நீளத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன; எதிரே பேருந்து இறங்கி வரும்போது ஒவ்வொரு அடியும் கணக்குத்தான். என் தங்கையின் முகூர்த்தம் சேலத்திலும் வரவேற்பு ஏற்காட்டிலும் நடந்ததால், நாங்கள் இதிலிருந்தே தேர்வைத் தொடங்கினோம்.

வீட்டில் பெரும்பாலோர் ரோல்ஸ் ராய்ஸ் பேண்டம்தான் வேண்டும் என்றார்கள். அதன் பின்கதவுகள் பின்புறக் கீலில் திறப்பதால், பட்டுப்புடவை கட்டிய மணப்பெண் உடலைத் திருக்காமல் நேராக நுழைந்து அமரலாம்; கதவுக்குள்ளேயே குடை செருகி வைத்திருப்பார்கள் என்பது மலை மழைக்குப் பெரிய வசதி. ஆனால் சாதாரண பேண்டமே 5.76 மீட்டர், நீட்டிக்கப்பட்ட வடிவம் ஏறக்குறைய 6 மீட்டர். அதே நிறுவனத்தின் சற்றுச் சிறிய காரான கோஸ்ட் 5.55 மீட்டர். மெர்சிடிஸ் மேபேக் எஸ் கிளாஸ் 5.47 மீட்டர் என்பதோடு, இப்போதைய தலைமுறையில் மெதுவாகச் செல்லும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் திரும்பி வளைவைச் சுருக்கிக் கொடுக்கும் வசதியும் உண்டு. இந்த வசதி ரோல்ஸ் ராய்ஸிலும் இருக்கிறது என்றாலும், நீளத்தையும் வாடகையையும் சேர்த்துப் பார்த்து மேபேக்கையே முடிவு செய்தோம்.

வாடகை நிறுவனம் அனுப்பிய படத்தில் இருந்தது புதிய தலைமுறை வண்டி. நேரில் போய்ப் பார்த்தபோது நிறுத்தி வைத்திருந்ததோ, பின்சக்கரம் திரும்பும் வசதியே இல்லாத முந்தைய தலைமுறை வண்டி. வற்புறுத்திய பிறகுதான் மாற்றித் தந்தார்கள். இது சிறிய குறை அல்ல. மலைப்பாதைக்காகவே அந்த வண்டியைக் கேட்டவரிடம் இப்படி நடந்துகொள்வது நேர்மையாகாது. ஆகவே முழுத் தொகையையும் கொடுக்கும் முன் வண்டியை நேரில் பார்ப்பதும், வந்து நிற்கப்போகும் அதே வண்டியின் பதிவு எண்ணை எழுதி வாங்குவதும் கட்டாயம். எண் பலகை மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்துகளோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைப் பலகை கொண்ட சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையும் கிடைக்காமல் போகலாம்.

கிலோமீட்டர் கணக்கு வண்டி புறப்படும் கொட்டகையிலிருந்து தொடங்குகிறதா, மண்டப வாசலிலிருந்தா என்பதையும் ஓட்டுநர் பேட்டாவையும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். அலங்காரத்துக்கு வண்ணப்பூச்சின் மேல் செலோடேப் ஒட்ட அவர்கள் அனுமதிக்கவில்லை, அது நியாயமே.

எங்கள் பணத்துக்கு உண்மையான மதிப்பைத் தந்தவர் ஓட்டுநர்தான். மண்டபத்தில் தங்கை ஏறியதும், கதவைச் சாத்தும் முன் குனிந்து, வெளியே தொங்கிய முந்தானையின் ஜரிகை ஓரத்தை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிக் காத்திருந்தார். முன் இருக்கையில் அமர்ந்திருந்த எங்கள் அம்மாயி சாய்ந்து கண்ணை மூடப் போனபோது, "சீட்டை நிமிர்த்திக்கிட்டு ரோட்டையே பாருங்கம்மா, தலை சுத்தாது" என்றார். ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை அழுத்தாமல் ஒரே சீராகத் திருப்பினார். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சின் பிடியிலேயே வண்டியை இறக்கியதோடு, ஏறி வந்த பேருந்துக்கு அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிட்டார். பின்னிருக்கையில் இருந்த மணமக்களின் மாலைகூடக் கசங்கவில்லை. மலையில் ஓட்டிப் பழகியவரா என்று நிறுவனத்திடம் கேட்டு, அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது வீண்போகவில்லை.

வண்டிக்கும் ஓட்டுநருக்கும் முழு மதிப்பெண் தருவேன்; நிறுவனத்துக்குப் பாதிதான். நிகழ்ச்சி சேலம் நகருக்குள்ளேயே முடிந்துவிடும் என்றால் என் பரிந்துரை மாறும். மாப்பிள்ளை அழைப்புக்கு மேளத்தின் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போக, கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் பேண்டமையே எடுக்கலாம். அங்கே அந்த நீளம் தொல்லை தராது, கூட்டத்துக்கும் மாப்பிள்ளை நன்றாகத் தெரிவார்.