வினாத்தாள் கணினிக்குப் போட்ட பூட்டு: ரிச்சி தெருச் சேவை ஒன்றைப் பற்றி

திருவல்லிக்கேணியில் நான் நடத்தும் டி.டி.பி. நிலையத்தில் கல்லூரிகளுக்கான வினாத்தாள்களைத் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுக்கிறோம். மூன்று கணினிகளும் உபுண்டு லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இயங்குகின்றன. தேர்வுக்கு முன் ஒரு தாள் வெளியே போனால் எங்கள் பெயர் கெடுவதோடு, நேர்மையாகப் படித்த பிள்ளைகளும் மறுதேர்வு எழுத வேண்டிவரும் என்பதால், கடவுச்சொற்களை நீளமாக வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவந்தேன். அதுவே போதும் என்று நம்பியிருந்த எனக்கு, சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் மாடியறை ஒன்றில் இயங்கும் சிறிய லினக்ஸ் பராமரிப்புக் கடைக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது.

கடையில் இருந்த தம்பி முதலில் விலை பேசவில்லை. நான் கொண்டுபோன கணினியை இயக்கி, எஸ்கேப் விசையைத் தட்டி, இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் கிரப் என்ற நிரலின் பட்டியலை வரவழைத்தார்; 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினார். கறுப்புத் திரையில் '#' குறி வந்து நின்றது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ளவர் என்பதே அதன் பொருள். வட்டை எழுதக்கூடிய நிலைக்கு மாற்றி, என் கணக்குக்குப் புதிய கடவுச்சொல்லை வைத்துவிட்டார். பழையதை யாரும் கேட்கவில்லை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இது ஓட்டை இல்லை மேடம். பாஸ்வேர்டு மறந்தவங்களுக்காக வச்ச வழி. தெரிஞ்சவங்க யார் வேணும்னாலும் இதுல வரலாம்" என்றார். அவர் சொன்னது சரிதான். 1970களில் யூனிக்ஸ் வளர்ந்த காலத்தில் கணினி தனி அறைக்குள் இருந்தது. கன்சோலின், அதாவது அதன் நேரடித் திரை-விசைப்பலகையின், முன் அமர முடிந்தவர் நிர்வாகியாகத்தான் இருப்பார் என்று அது எடுத்துக்கொண்டது. எங்கள் கணினிகளோ வாடிக்கையாளர் வந்து உட்காரும் நாற்காலிக்கு ஓரடி தள்ளி இருக்கின்றன.

அவர்கள் செய்த வேலையில் முதலாவது, கிரப் பட்டியலைத் திருத்துவதற்குக் கடவுச்சொல் வைத்தது. அது அப்படியே எழுதிவைக்கப்படுவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட நீண்ட எண்சரம் மட்டுமே கோப்பில் இருக்கிறது. பேக்ஸ்பேஸை 28 முறை அழுத்தி இந்தப் பூட்டைத் தாண்டும் குறை ஒன்று 2015 டிசம்பரில் வெளிவந்ததைப் பற்றிக் கேட்டேன். அது எப்போதோ திருத்தப்பட்டதைச் சொன்னதோடு, எங்கள் கணினிகளில் இருக்கும் பதிப்பையும் திரையில் காட்டினார்கள். அடுத்து, கணினி பென்டிரைவிலிருந்து இயங்குவதை பயாஸில், அதாவது தாய்ப்பலகையிலேயே இருக்கும் தொடக்க நிரலில், நிறுத்தி அதற்கும் கடவுச்சொல் வைத்தார்கள். ஆனால் எங்களுடைய பழைய கணினியின் மூடியைக் கழற்றி, நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைச் சிறிது நேரம் எடுத்து வைத்துவிட்டு மீண்டும் பொருத்தியதும், அந்த பயாஸ் கடவுச்சொல் காணாமல் போனதையும் அவர்களே காட்டினார்கள். தாம் விற்கும் பூட்டின் பலவீனத்தைத் தாமே காட்டும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை.

மூடியைக் கழற்ற முடிந்தவர் வட்டையே உருவி வேறு கணினியில் மாட்டிவிடுவார். அங்கே எந்தக் கடவுச்சொல்லும் குறுக்கே நிற்காது. எனவே வட்டு முழுவதையும் லக்ஸ் என்ற லினக்ஸ் முறையில் குறியாக்கம் செய்வதுதான், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பதுதான், மெய்யான காவல், மற்றவையெல்லாம் தாமதப்படுத்துவதற்கே என்று தெளிவாகச் சொன்னார்கள். கோப்புகளை வேறு வட்டில் எடுத்துவைத்து, உபுண்டுவைக் குறியாக்கத்துடன் புதிதாக நிறுவ ஒரு கணினிக்கு அரை நாள் பிடித்தது. லக்ஸின் இரண்டாம் பதிப்பில் ஒரே வட்டுக்கு 32 சாவிகள், அதாவது தனித்தனிக் கடவுச்சொற்கள், வரை வைக்கலாம் என்பதால், எனக்கு ஒன்று, என் உதவியாளருக்கு ஒன்று, உறையிலிட்டு வங்கி லாக்கரில் வைக்க ஒன்று என மூன்று வைத்துக்கொண்டோம். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டு திறந்தே இருக்கும், இந்தக் காவல் பயன்படாது என்பதால், இரவில் உறக்கநிலையில் விடாமல் முழுமையாக அணைத்துவிட்டுத்தான் இப்போது கிளம்புகிறோம். கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் உள்ள பூட் பகுதி மட்டும் குறியாக்கம் இல்லாமல் இருப்பதால், யாரும் கை வைக்காதிருக்க கேபினட்டுக்கும் ஒரு சிறு பூட்டு மாட்டியிருக்கிறோம்.

குறைகள் இரண்டு. கிரப் பூட்டை, பட்டியலைத் திருத்துவதற்கு மட்டும் என்றில்லாமல், ஒவ்வொரு முறை இயக்குவதற்கும் கேட்கும்படி ஒரு கணினியில் விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை உதவியாளர் வந்து இயக்கியபோது திரை பயனர் பெயர் கேட்டு நின்றது; நானோ காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். தொலைபேசியில் எழுத்தெழுத்தாகக் கடவுச்சொல்லைச் சொல்லித்தான் அன்றைய வேலை தொடங்கியது. அன்று மாலையே கடையிலிருந்து ஆள் வந்து கட்டணமின்றிச் சரிசெய்தார். இரண்டாவது குறை பெரிது. சாவிகளின் விவரம் பதிந்திருக்கும் லக்ஸ் வட்டின் தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல் இருந்தும் தரவு திரும்பாது. அந்தத் தலைப்பகுதியின் நகலை எடுத்துத் தருவது அவர்கள் கடமை, ஆனால் நான் கேட்ட பிறகுதான் எடுத்துத் தந்தார்கள். கேட்கத் தெரியாதவர்களின் நிலையை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

கணினி ஒன்றுக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள். அரை நாள் உழைப்புக்கு அது நியாயமான தொகைதான். போகிறவர்கள் கோப்புகளின் நகலைத் தாங்களே முன்கூட்டி எடுத்துக்கொண்டு போகவும். தலைப்பகுதியின் நகலைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளாமல் கடையைவிட்டு இறங்க வேண்டாம்.