கொலுசாகவும் குத்துவிளக்காகவும் வெள்ளி சேர்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நான் கரூர்க்காரி. வீட்டிலேயே தையல் வேலை. 2011-லிருந்து 2018 வரை, கையில் கொஞ்சம் பணம் சேரும்போதெல்லாம் வெள்ளி வாங்கிப் பீரோவில் வைத்தேன். தங்கம் எட்டாத விலை, வெள்ளியாவது இருக்கட்டும், மகள் கல்லூரிக்குப் போகும்போது உதவும் என்று நினைத்தேன். 2025 ஜூலையில் அந்த நாள் வந்தது. மொத்தம் 2 கிலோ 150 கிராம். கடைப் பலகையில் வெள்ளி கிராம் 120 ரூபாயை ஒட்டி இருந்தது. 2,58,000 ரூபாய் வரும் என்று நானும் வீட்டுக்காரரும் கணக்குப் போட்டு வைத்திருந்தோம். கைக்கு வந்தது 1,70,000 ரூபாய்.

வெள்ளி விலை ஏறிவிட்டது, வாங்கிப் போட்டால் லாபம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். என்னோடு தைக்கிற இரண்டு பெண்கள் போன வாரம் கொலுசுச் சீட்டில் சேர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வாங்கியது வெளியூரில் தெரியாத கடையில் அல்ல. என் மாமனார் காலத்திலிருந்தே எங்கள் வீட்டு நகையெல்லாம் அந்த ஒரு கடையில்தான். முதலில் வாங்கியது 2011 ஏப்ரல் கடைசியில், ஒரு ஜோடிக் குத்துவிளக்கு. 640 கிராம், கிராம் 70 ரூபாய். செய்கூலியும் சேர்த்து 52,000 ரூபாய் ஆனது. அப்போது எங்களுக்கு அது பெரிய தொகை. கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “நம்ம கடைப் பொருள்தானே அம்மிணி, எப்ப வேணும்னாலும் கொண்டு வா, அன்னைக்கு ரேட்டுக்கு எடுத்துக்கறேன்” என்றார். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

அதற்கப்புறம் கொலுசு. மகளுக்குக் கால் வளர வளர ஒன்று, சலங்கை வைத்தது ஒன்று, எனக்கு இரண்டு, கல்யாணத்துக்கு ஆகும் என்று கனமாக மூன்று ஜோடி. மொத்தம் 900 கிராம். “கொலுசுக்குச் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, வெள்ளி விலை மட்டும்தான்” என்பார். அதைக் கேட்டுத்தான் விளக்கை விட்டுவிட்டுக் கொலுசு பக்கம் போனேன். சராசரியாகக் கிராம் 45 ரூபாய் விழுந்திருக்கும், எல்லாம் 40,500 ரூபாய். தட்டு, டம்ளர், குங்குமச்சிமிழ் என்று 400 கிராம், 19,000 ரூபாய். இது போக, என் அம்மா வற்புறுத்தியதால் வேறொரு கடையில் 10 கிராம் நாணயமாக 21 வாங்கி வைத்திருந்தேன். 999 முத்திரை, அதாவது ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளி என்று போட்டு, உறையில் ஒட்டிக் கொடுத்தது. அதற்கு 10,500 ரூபாய். நாணயத்தை என்ன செய்ய, போட்டுக்கொள்ளவா முடியும் என்று அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

விற்கப் போனபோது கடையில் பெரியவர் இல்லை, மகன் இருந்தார். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பொருளை எல்லாம் பார்த்துவிட்டு, “காசா எடுக்கறதில்லக்கா, வேற நகையா மாத்திக்குங்க” என்றார். காலேஜுக்கு நகையா கட்ட முடியும்? கெஞ்சிய பிறகு விலை சொன்னார். கொலுசுக்குக் கிராம் 60 ரூபாய், பலகை விலையில் சரிபாதி. விளக்குக்கு அடியில் இருக்கிற அரக்கைக் கழித்துவிட்டுத்தான் எடை என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. எந்த அரக்கு? விளக்கின் அடித்தட்டும் தண்டும் உள்ளே கூடாக இருக்குமாம், நிற்பதற்காக அரக்கை ஊற்றி அடைப்பார்களாம். 2011-ல் என்னிடம் விற்றபோது அந்த அரக்கும் கிராம் 70 ரூபாய்க்குத் தராசில் ஏறியிருக்கிறது. அன்று யாரும் கழிக்கவில்லை.

பொருளை எடுத்துக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். என் சித்தப்பா மகன் அங்கே கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறான். அவன் கொலுசைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததும், “அக்கா, இது 65 டச் தாண்டாது” என்றான். நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பதைத்தான் அவர்கள் டச் என்கிறார்கள். உருக்கிப் பார்த்ததில் அவன் சொன்ன கணக்கே வந்தது. 900 கிராம் கொலுசில் வெள்ளி 585 கிராம்தான். மீதி 315 கிராம் செம்பும் மற்றதும். செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்றதன் அர்த்தம் அன்றுதான் விளங்கியது. செம்பை வெள்ளி விலைக்கு விற்றால் செய்கூலி தனியாக எதற்கு?

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், அதில் கொலுசு செய்தால் வளைந்து நெளிந்துவிடும். கொஞ்சம் செம்பு சேர்த்தே ஆக வேண்டும். 92.5 என்று சொல்கிறார்களே, அதில்கூட நூறில் ஏழரைப் பங்கு வேறு உலோகம்தான். அதில் ஏமாற்று இல்லை. 65 டச் கொலுசை 65 என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றாலும் ஏமாற்று இல்லை. பட்டறையில் ஒளிவு மறைவே கிடையாது என்கிறான் தம்பி. எந்த டச்சில் வேண்டும் என்று கேட்டுத்தான் செய்கிறார்கள், கடைக்காரரும் டச் தெரிந்துதான் வாங்குகிறார். கடை வரை வருகிற அந்த எண், வாங்குகிற நம்மிடம் மட்டும் வந்து சேர்வதில்லை.

விளக்கு இன்னும் மோசம். அரக்கைச் சுரண்டி எடுத்தபோது 640 கிராம் 450 ஆனது. டச் பார்க்கிற இயந்திரத்தில் வைத்தபோது 92 என்று காட்டியது, சந்தோஷப்பட்டேன். உருக்கியபோது 80-க்கு இறங்கியது. அந்த இயந்திரம் மேல்தோலை மட்டும்தான் படிக்கும், மேலே நல்ல பூச்சு இருந்தால் அதைத்தான் சொல்லும் என்றார்கள். தட்டு, டம்ளர் 85 டச். நாணயம் மட்டும் சொன்னபடி நின்றது.

எல்லாம் சேர்த்துச் சுத்த வெள்ளி 1,495 கிராம். கிராம் 114 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள். பலகை விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள், அது விற்கிற விலை. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும். நான் சண்டை போட்டு வாங்கிய நாணயம் 10,500 ரூபாய் போட்டு 23,940 ரூபாய் தந்தது. ஆசைப்பட்டு வாங்கிய குத்துவிளக்கு 52,000 ரூபாய் போட்டு 41,040 ரூபாய். பதினான்கு வருடம் கழித்து, வெள்ளி விலை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகியிருக்கும்போது, 11,000 ரூபாய் நட்டம். கொலுசில் நட்டமில்லைதான், ஆனால் அந்த 40,500 ரூபாய்க்கு நாணயம் வாங்கியிருந்தால் இன்னும் 25,000 ரூபாய்க்கு மேல் சேர்ந்திருக்கும்.

சரி, புகார் கொடுக்கலாமே என்பீர்கள். 1915-க்கு, அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், அழைத்தேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருந்தவை எஸ்டிமேட் சீட்டுகள். கடைப் பெயர் இல்லை, டச் இல்லை, வெறும் எடையும் தொகையும். பில் போட்டால் வரி சேரும் என்று சொன்னபோது நானும் வேண்டாம் என்றேன். இன்று வெள்ளிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம். 10,000 ரூபாய்க்கு 300 ரூபாய். அப்படி ஒரு சின்னத் தொகையை மிச்சம் பிடித்து, கேள்வி கேட்கிற உரிமையை விட்டுவிட்டேன். பில் இல்லாவிட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. வெள்ளியை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், லாபத்துக்கு 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி. என்ன விலைக்கு வாங்கினோம் என்பதற்கே ஆதாரம் இல்லையென்றால் லாபம் எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது?

தங்க நகைக்கு 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. வெள்ளிக்கு அப்படி இல்லை, கடைக்காரர் விருப்பம்தான். 2025 செப்டம்பர் 1 முதல் வெள்ளிக்கும் ஹெச்யுஐடி, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கொடுக்கிற அடையாள எண், வந்திருக்கிறது, அதுவும் விருப்பத்தின் பேரில்தான். ஆனால் முத்திரை போட்ட பொருள்தான் வேண்டும் என்று நாம் கேட்கலாம். பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை, 925 அல்லது 990 போன்ற தர எண், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட ஹெச்யுஐடி, இவை பொருளின் மேல் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் விவரம் வரும். முத்திரை போட்ட பொருளில் சொன்ன தரம் இல்லையென்றால், தரம் குறைந்ததால் வருகிற விலை வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்க விதி இருக்கிறது. எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்க முடியாது. காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, நல்ல வெள்ளிதான் என்று ஒரு தோழி சொன்னாள். செம்பும் காந்தத்தில் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது.

அப்படியானால் வெள்ளியே வாங்கக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வாங்கும் முன் எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருந்தது. நான் விளக்கு வாங்கிய அந்த ஏப்ரலில் உலகச் சந்தையில் வெள்ளி ஒரு அவுன்ஸ் (31 கிராம் சொச்சம்) 50 டாலரை நெருங்கியிருந்தது. அதற்கு முன் அந்த விலையைத் தொட்டது 1980 ஜனவரியில். அன்று வாங்கியவர் அதே விலையை மறுபடி பார்க்க 31 வருடம் காத்திருந்தார். நானும் உச்சியில்தான் வாங்கினேன். நான் வாங்கிய மறு வாரமே, மே முதல் வாரத்தில், கால் பங்கு விலை போனது. 2015 கடைசியில் ரூபாய்க் கணக்கிலேயே பாதி. ரூபாய்க் கணக்கில் நான் கொடுத்த 70 ரூபாயை வெள்ளி மறுபடி எட்டியது 2020-ல். டாலரில் 50-ஐத் தாண்டியது 2025 அக்டோபரில்தான். அதே 50 டாலர் வெள்ளி 2011-ல் கிலோ 70,000 ரூபாய்ச் சொச்சம், 2025-ல் ஒன்றரை லட்சத்துக்கு மேல். டாலரில் வெள்ளி ஏறவே இல்லை, டாலருக்கு 45 ரூபாயாக இருந்தது 88-ஐ ஒட்டி வந்ததுதான் அதில் பெரிய பங்கு. விலை இறங்குவதற்கு உலகச் சந்தைகூட வேண்டாம். 2024 ஜூலை பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள், அன்றே இங்கே விலை விழுந்தது.

இடைப்பட்ட வருடங்களில் வெள்ளி வட்டி தராது, வாடகை தராது, பீரோவில் கறுத்துக்கொண்டு கிடக்கும். மகளுக்கு எந்த வருடம் கல்லூரி என்பது அவள் பிறந்த அன்றே தெரியும். அப்படித் தேதி குறித்த செலவுக்கு, எப்போது விழும் எப்போது எழும் என்று தெரியாத பொருளை நம்பியது என் தப்பு. எனக்கு விலை ஏறிய வருடத்தில் தேவை வந்தது. 2015-ல் வந்திருந்தால்? நினைத்தாலே பதறுகிறது.

இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். போட்டுக்கொள்ள ஆசையா, கொலுசு வாங்குங்கள், அதைச் சேமிப்பில் சேர்க்காதீர்கள், சேலை வாங்கியது போல நினைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு என்றால் 999 கட்டி அல்லது நாணயம், முறையான பில்லோடு, மொத்தச் சேமிப்பில் சின்னப் பங்காக, ஒரே நாளில் இல்லாமல் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. வாங்கும் முன்பே “இதைத் திருப்பிக் கொடுத்தால் இன்றைக்குக் காசாக எவ்வளவு தருவீர்கள்” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். பங்குகளை மின்னணு முறையில் வைக்கிற டீமேட் கணக்கு இருக்கிறவர்களுக்கு 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் வெள்ளி ஈடிஎஃப், அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கிற வெள்ளி நிதி, இருக்கிறது. அதன் பின்னால் இருக்க வேண்டியது 99.9 சதவீத வெள்ளி. அரக்குக்கும் டச்சுக்கும் அங்கே இடமில்லை, விலை ஏறி இறங்குவது மட்டும் அதிலும் உண்டு. வெள்ளியை அடகு வைப்பதற்கும் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்திருக்கிறது, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அங்கேயும் உள்ளே இருக்கிற வெள்ளிக்குத்தான் மதிப்பு.

கட்டணத்தில் குறைந்த பணத்துக்கு மகளிர் குழுவில் கடன் வாங்கினேன். மகள் சேர்ந்துவிட்டாள். அவளுடைய முதல் கொலுசை உருக்கக் கொடுக்க மனம் வரவில்லை, அது மட்டும் கணக்கில் சேராமல் பீரோவிலேயே இருக்கிறது.

உங்கள் வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தால், அவசரத் தேவை வரும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே தலைகீழாகத் திருப்பி அடித்தட்டைப் பாருங்கள். மூடியிருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். பக்கத்து ஊரில், உங்களுக்கு விற்காத ஒரு கடையில், டச் பார்த்து ஒரு தாளில் எழுதி வாங்கி, பொருளோடு வையுங்கள். கொலுசுச் சீட்டில் சேர்ந்திருக்கிறவர்கள் அடுத்த தவணை கட்டும் முன், எந்த டச்சில் தருவீர்கள் என்று கேட்டு, அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.