கார்டானோ ஏடிஏ: நாலு வருடம் வைத்திருந்ததில் வாலெட் ஜெயித்தது, விலை ஜெயிக்கவில்லை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில், ஊரே கிரிப்டோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நானும் ஏடிஏ வாங்கினேன். பிட்காயின் இல்லை, ஈத்தர் இல்லை, கார்டானோ என்ற பிளாக்செயினின், அதாவது பொதுக் கணக்குச் சங்கிலியின் காயின். வாங்கியதற்குக் காரணம் விலை ஏறிக்கொண்டிருந்தது என்பதுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் இன்றுவரை வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்த ரிவ்யூ.

முதலில் பணக் கணக்கு. முதல் 1,000 காயின் சராசரி 160 ரூபாய். வாங்கிய சில நாட்களில், 2021 செப்டம்பர் முதல் வாரத்தில், விலை 3 டாலரைத் தாண்டியது. அதுதான் அதன் உச்சம், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. 2022 முடியும்போது கால் டாலர், அதாவது 20 ரூபாய்ச் சில்லறை. அந்தச் சமயத்திலும் 2023 தொடக்கத்திலுமாக இன்னொரு 1,000 காயின் 25, 30 ரூபாய்க்கு வாங்கிச் சேர்த்ததில் சராசரி 94-க்கு இறங்கியது. 2024 டிசம்பரில் 100 ரூபாயைத் தாண்டியபோது மூன்று வருடத்துக்குப் பிறகு மறுபடி கொஞ்சம் லாபத்தில் இருந்தேன், விற்கவில்லை. 2025 மார்ச்சில் டிரம்ப் அமெரிக்காவின் கிரிப்டோ கையிருப்பில் ஏடிஏவும் இருக்கும் என்று அறிவித்த அன்றும் ஒரே தாவாகத் தாவியது, அன்றும் விற்கவில்லை. அப்புறம் மறுபடி இறங்கிவிட்டது. ஆக, முதலீடு என்று மட்டும் பார்த்தால் நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அதே பணத்தை அப்போது ஒரு சாதாரண இன்டெக்ஸ் ஃபண்டில் போட்டவர் என்னைவிட நிம்மதியாக இருக்கிறார்.

சரி, அப்புறம் ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டால், வாலெட்டும் ஸ்டேக்கிங்கும். வாலெட் என்பது காயினை நகர்த்தும் ரகசியச் சாவியை நம்மிடமே வைத்துக்கொள்ளும் ஆப். ஸ்டேக்கிங் என்பது நம் காயினை வைத்துச் சங்கிலியை நடத்த உதவி, அதற்கு ரிவார்டு வாங்குவது.

நான் முதலில் வாங்கிய ஆப்பின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. காசு போடலாம், காயின் வாங்கலாம், விற்கலாம். ஆனால் வாங்கிய காயினை வெளியே எடுத்து நம் சொந்த வாலெட்டுக்கு அனுப்பும் வசதியே அதில் கிடையாது. இது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. திரையில் 1,000 என்று எண் ஓடுகிறது, ஆனால் அது என் கையில் இல்லை. வேறு வழியில்லாமல் அங்கே விற்று, வித்ட்ராயல் தரும் இன்னொரு எக்ஸ்சேஞ்சில் திரும்ப வாங்கினேன். இரண்டு பக்கமும் கமிஷன், நடுவில் விலை வித்தியாசம் என்று நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. அப்போதாவது விற்கும்போதே வரி பிடிக்கும் டிடிஎஸ் கிடையாது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எந்த ஆப்பாக இருந்தாலும் ஏடிஏ வித்ட்ராயல் உண்டா, கட்டணம் எத்தனை காயின், குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்துவிட்டு அப்புறம் கேஒய்சி கொடுங்கள்.

எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 18 போதும். வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் அன்று சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. திருடு போகாத காயின் வைத்திருந்தவர்களின் கணக்கும் சேர்ந்து முடங்கியது. அங்கே எக்ஸ்ஆர்பி என்ற காயின் வைத்திருந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். கிரிப்டோ என்பது சொத்துதான், ஒருவர் அனுபவிக்கவும், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் கூடிய சொத்து என்று 2025 அக்டோபரில் நீதிமன்றம் சொன்னது. எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பெரிய ஆறுதல் அது. இருந்தாலும் கோர்ட்டுக்குப் போகாமலே நம் காயின் நம்மிடம் இருப்பது நல்லதல்லவா?

இனி வாலெட். கார்டானோவுக்கு வாலெட்கள் இரண்டு வகை. டேடலஸ் என்பது முழு நோட் (node), அதாவது கார்டானோவின் மொத்தச் சங்கிலியையும் நம் கம்ப்யூட்டரில் இறக்கிச் சரிபார்க்கும். நூறு ஜிபிக்கு மேல் டிஸ்க் வேண்டும், ராம் தாராளமாக வேண்டும், முதல்முறை ஒத்திசைய நேரம் பிடிக்கும். யாரையும் நம்பாமல் தானே சரிபார்க்க நினைப்பவருக்கு அதுதான் சரி, என் பழைய லேப்டாப்புக்கு அது ஆகாது. இன்னொரு வகை லைட் வாலெட்: யோரோய், எட்டர்னல், லேஸ், வெஸ்பர் இப்படி. இவை சங்கிலியை வேறு சர்வரில் படித்துக்கொள்ளும், சாவி மட்டும் நம் கருவியில் இருக்கும். நான் யோரோயில் தொடங்கினேன், மொபைலிலும் குரோமிலும். இரண்டே நிமிடத்தில் வாலெட் தயார். பிறகு காயின் கூடியதும், சாவியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் லெட்ஜர் என்ற கருவியை வாங்கினேன். போன வருடம்தான் காயினை எல்லாம் அதற்கு மாற்றி, எட்டர்னலோடு இணைத்துக்கொண்டேன். இப்போது அனுப்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சின்னக் கருவியில் விலாசத்தைப் படித்துப் பார்த்து இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் காயின் நகரும்.

அனுப்புவதற்கு ஆகும் செலவு இந்தக் காயினில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சாதாரணமாக ஒருவருக்கு அனுப்ப சுமார் 0.17 ஏடிஏ. நூறு காயின் அனுப்பினாலும் அவ்வளவுதான், பத்தாயிரம் அனுப்பினாலும் அவ்வளவுதான். ஏனென்றால் கட்டணம் தொகையைப் பொறுத்தது இல்லை, அந்தப் பரிவர்த்தனை எத்தனை பைட் என்பதைப் பொறுத்தது. அனுப்பும் முன்பே திரையில் காட்டிவிடுகிறது, கூட்டம் அதிகம் என்று நடுவில் ஏறுவதில்லை. இருபது வினாடிக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு கட்டு, சங்கிலியில் சேர்வதால் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர்கிறது. ஆனால் ஒரு காயினுக்கும் குறைவாக அனுப்ப முடியாது, குறைந்தபட்சம் ஒரு ஏடிஏ அளவுக்கு இருக்க வேண்டும். விலாசம் ஏடிடிஆர்1 என்று தொடங்கி நூறு எழுத்துக்கு மேல் போகும், அதனால் நகலெடுத்து ஒட்டியபின் கடைசி ஆறு எழுத்தையாவது ஒத்துப் பாருங்கள், பெரிய தொகைக்கு முன் ஐந்து காயின் அனுப்பிச் சோதியுங்கள்.

ஸ்டேக்கிங்கில்தான் கார்டானோ மற்றவற்றிலிருந்து தள்ளி நிற்கிறது. நம் காயின் எங்கேயும் போவதில்லை, யாரிடமும் ஒப்படைப்பதில்லை, பூட்டுவதும் இல்லை. பலருடைய காயினின் பலத்தைச் சேர்த்துக்கொண்டு பிளாக் உருவாக்கும் இடத்துக்குப் பூல் என்று பெயர். வாலெட்டில் ஒரு பூலைத் தேர்ந்தெடுத்து டெலிகேட் செய்தால், அதாவது நம் காயினின் பலத்தை அதன் கணக்கில் சேர்த்தால் போதும். முதல்முறை 2 ஏடிஏ டெபாசிட் பிடிப்பார்கள், ஸ்டேக்கிங்கை விட்டு விலகும்போது அது திரும்பி வரும். ஐந்து நாள் கொண்டது ஒரு எபாக். முதல் ரிவார்டு வர 15 முதல் 20 நாள் ஆகும், அதற்கப்புறம் ஐந்து நாளுக்கு ஒருமுறை தானாக வந்து விழும். நடுவில் காயினை எடுத்துச் செலவு செய்யலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. மாட்டை விற்காமல் பாலை மட்டும் கறந்துகொள்வது மாதிரி. முதலில் வருடத்துக்கு ஐந்து சதவீதத்துக்குப் பக்கமாக வந்தது. இப்போது இரண்டு, இரண்டரைதான். என் 2,000 காயினுக்கு ஒரு எபாக்கில் அரைக் காயினுக்குச் சற்று மேலே வருகிறது. இது குறைந்துகொண்டேதான் போகும், காரணமும் ஒளிவுமறைவு இல்லாதது: மொத்தம் 4,500 கோடி காயின்தான் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், ரிவார்டின் பெரும்பகுதி இன்னும் வெளியே வராத கையிருப்பிலிருந்து ஒவ்வொரு எபாக்கிலும் 0.3 சதவீதம் என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. கையிருப்பு கரையக் கரைய ரிவார்டும் கரையும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும், எனக்கு நேர்ந்தது. நான் தேர்ந்தெடுத்திருந்த ஒரு சின்ன பூலை நடத்தியவர் பூலை மூடிவிட்டார். காயினுக்கு ஒரு சேதமும் இல்லை, ஆனால் ரிவார்டு நின்றுபோனது. நான் வாலெட்டைத் திறந்து பார்க்காமலே நாலு மாதம் ஓட்டிவிட்டேன், அந்த நாலு மாத ரிவார்டு போனது போனதுதான். மாதம் ஒருமுறை திறந்து பூல் உயிரோடு இருக்கிறதா, அளவுக்கு மீறி நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். மிகச் சின்ன பூலாக இருந்தால் ஒவ்வொரு எபாக்கிலும் நடத்துபவர் எடுக்கும் நிலைக்கட்டணமே பெரிய பங்கைத் தின்றுவிடும். குறைந்தபட்சம் 340 ஏடிஏ எடுக்க வேண்டும் என்று இருந்ததை 2023-ல் 170 ஆகக் குறைத்தார்கள், அது சின்ன பூல்களுக்கு நல்லது.

2025 ஜனவரி 29-க்குப் பிறகு இன்னொரு படி சேர்ந்திருக்கிறது. பிளோமின் மேம்பாடு வந்ததிலிருந்து, சேர்ந்த ரிவார்டை வெளியே எடுக்க வேண்டுமென்றால் நம் வாக்கை ஒரு டிரெப்பிடம், அதாவது நமக்காக வாக்களிக்கும் பிரதிநிதியிடம் ஒப்படைத்திருக்க வேண்டும், அல்லது வாக்களிக்க விருப்பமில்லை என்றாவது தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இது தெரியாமல் ரிவார்டு மாட்டிக்கொண்டது என்று பயந்தவர்கள் நிறைய. மாட்டவில்லை, சேர்ந்துகொண்டேதான் இருக்கும். வாலெட்டிலேயே ஆளுகை என்ற பகுதியில் இரண்டு கிளிக்கில் முடிகிற வேலை.

வரி. இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தொழிலே அதுதான் என்பதால் கோபமும் அதிகம். லாபத்துக்கு 30 சதவீதம், மேலே 4 சதவீத செஸ், ஆக 31.2. 2022 ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ், ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அது விற்பனைதான். இதில் நியாயமே இல்லாதது, நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். ஒரு காயினில் 40,000 லாபம், இன்னொன்றில் 40,000 நஷ்டம் என்றால் உங்கள் கையில் பூஜ்யம், ஆனால் வரி 12,480 ரூபாய். அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போகவும் வழியில்லை. அடிக்கடி வாங்கி விற்கிறவர்களுக்கு இது கட்டாது. நான் ரிவார்டு வரும் ஒவ்வொரு தேதியையும் அன்றைய விலையோடு ஒரு எக்செல்லில் குறித்து வைக்கிறேன், ஆடிட்டரிடம் அப்படியே கொடுக்கலாம்.

மோசடியையும் சொல்ல வேண்டும். வாலெட்டில் நாம் கேட்காமலே ஏதாவது டோக்கன் வந்து உட்காரும், அதன் பெயரிலேயே ஒரு இணைய முகவரியும் ரிவார்டு காத்திருக்கிறது என்ற ஆசையும் இருக்கும். தொடாதீர்கள். யூடியூபில் சார்லஸ் ஹாஸ்கின்சனின் பழைய பேச்சை ஓட்டி, ஆயிரம் அனுப்பினால் இரண்டாயிரம் திரும்ப வரும் என்று நேரலை மாதிரி காட்டுவார்கள். கார்டானோவைத் தொடங்கியவரே சொல்கிறாரே என்று நம்பி அனுப்பிவிட்டால் அந்தக் காயின் திரும்பாது, புகார் எடுத்துக்கொள்ள ஒரு கஸ்டமர் கேரும் கிடையாது.

கடைசியாக, இந்தச் சொந்த வாலெட் விவகாரத்தின் உயிர்நாடியான சீட் (seed) வார்த்தைகள், அதாவது வாலெட்டின் சாவியை மீட்டுத் தரும் வார்த்தைகள். யோரோயில் 15 ஆங்கில வார்த்தைகள் தருவார்கள். ஆப்பில் வைக்கும் பாஸ்வேர்டு அந்தப் போனுக்கு மட்டும்தான், போன் தொலைந்தால் காப்பாற்றுவது அந்த 15 வார்த்தைதான். நான் ஜெல் பேனாவில் ஒரு டைரியின் பின்பக்கம் எழுதி பீரோவில் வைத்திருந்தேன். போன வருட மழையில் சுவரில் ஓதம் ஏறி டைரி நனைந்துவிட்டது. எல்லா வார்த்தையும் தப்பித்தது, ஒன்பதாவதில் மட்டும் டபிள்யூ, ஐ, என் என்ற மூன்று எழுத்துக்கு அப்புறம் மை கரைந்து நீலத் திட்டாக இருந்தது. அந்த வாலெட்டை இப்போது காலி செய்துவிட்டேன் என்பதால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்த வார்த்தைகளை எடுக்கும் மொத்தப் பட்டியலில் 2,048 வார்த்தைகள், முதல் நாலு எழுத்தை வைத்தே ஒவ்வொன்றையும் பிரித்துவிடலாம் என்ற மாதிரி அமைத்திருக்கிறார்கள். என்னிடம் இல்லாதது அந்த நாலாவது எழுத்துதான். அந்த மூன்று எழுத்தில் தொடங்குபவை வின், வைன், விங், விங்க் என்று பட்டியலில் பல உண்டு.

மனைவியை உட்காரவைத்து அவள் போனில் முயன்றோம்.

"ஏனுங்க, இது வின்னுங்களா, வைன்னுங்களா?"

"ரெண்டையும் போட்டுப் பாரும்மா, தப்புன்னா அதுவே சொல்லிரும்."

முதல் இரண்டையும் ஏற்கவில்லை. மூன்றாவதாக விங் போட்டதும் உள்ளே விட்டது, சில வினாடியில் காயின் முழுசாகத் தெரிந்தது. அதுவரை எனக்கு உள்ளங்கை வேர்த்திருந்தது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. 15 வார்த்தையில் ஒன்று தவறாக இருந்தால் பெரும்பாலும் வாலெட் பிடித்துவிடும், ஆனால் 32-ல் ஒரு தடவை தவறான வார்த்தையும் தப்பித்துப் போய்விடும். அப்போது வேறு ஏதோ ஒரு வாலெட் பூஜ்யம் பேலன்ஸோடு திறக்கும், காசு போய்விட்டது என்று நெஞ்சு அடைத்துப்போகும். 24 வார்த்தையில் அந்த வாய்ப்பு 256-ல் ஒன்று.

அன்றைக்கே லெட்ஜரில் புதிதாக 24 வார்த்தை உருவாக்கி எல்லாக் காயினையும் அதற்கு மாற்றிவிட்டேன். வார்த்தைகளை எங்கள் கம்பெனிப் பட்டறையில் எழுத்து வெட்டும் பஞ்ச் (punch) கருவியால் ஒரு எவர்சில்வர் தகட்டில் நானே அடித்தேன், முழு வார்த்தை இல்லை, முதல் நாலு எழுத்து மட்டும். தகடு வங்கி லாக்கரில் இருக்கிறது. வைப்பதற்கு முன், லெட்ஜரை ரீசெட் செய்துவிட்டு, நான் வாசலில் உட்கார்ந்துகொள்ள, மனைவி தகட்டைப் பார்த்து 24-ஐயும் தானே போட்டு வாலெட்டைத் திறந்தாள். நாற்பது நிமிடம் ஆனது, ஒரு இடத்திலும் என்னைக் கூப்பிடவில்லை.